கன்னி நாய்க்குட்டி, 10 வாரம்: கூப்பிட்டால் வர வைப்பது எப்படி? (ஏற்காடு அடிவாரம்)

அடிவாரவாசி | பதிவு 1

எல்லாருக்கும் வணக்கம். கன்னி (நம் நாட்டு வேட்டை நாய் இனம்), பெட்டைக்குட்டி, 10 வாரம், 5 கிலோ. வீடு ஏற்காடு அடிவாரத்தில். முன்னால் ரோடு, பின்னால் கரடு, காம்பவுண்டு சுவர் நாலடி. கூட்டுத் தடுப்பூசி ஒன்று போட்டாச்சு, அடுத்தது இந்த வாரம்.

தெரிய வேண்டியவை:
1. கன்னி, சிப்பிப்பாறை எல்லாம் கேட் திறந்தால் ஓடிவிடும், கூப்பிட்டால் திரும்பாது என்கிறார்கள். கூப்பிட்டால் வர வைக்க முடியுமா? ஆறு மாசம் ஆனபிறகுதான் பழக்கணும் என்பது சரியா?
2. உண்ணி வராமல் இருக்க என்ன செய்யலாம்?
3. பால் சோறு, தயிர் சோறு போதுமா?

நாலுகால் | பதிவு 2

ஆறு மாசம் என்பது தப்பான கணக்கு. ஒரு குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் காலம் மூன்றாவது வாரத்தில் தொடங்கி ஏறத்தாழ பதினான்காவது வாரத்தோடு மங்க ஆரம்பிக்கும். உங்களுக்கு இன்னும் ஒரு மாசம்தான் கையில் இருக்கிறது. கூப்பிட்டால் வருவதை இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

முதலில் சொல்லைத் தேர்ந்தெடுங்கள். "வா" வேண்டாம். நம் வீடுகளில் "வாடா", "வாங்க", "சாப்பிட வா" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை அந்தச் சொல் காதில் விழும். நூறில் தொண்ணூற்றொன்பது தடவை அது நாய்க்கு இல்லை. அதற்கு அந்தச் சத்தம் மின்விசிறிச் சத்தம் மாதிரி ஆகிவிடும். பெயரும் வேண்டாம், பெயர் திரும்பிப் பார்க்க மட்டும். "ஓடியா" நல்ல சொல். கடைசி எழுத்தை இழுக்கலாம், தூரத்துக்குக் கேட்கும், வேறு யாரும் வீட்டில் அடிக்கடி சொல்ல மாட்டார்கள். வீட்டில் எல்லாரும் அதே சொல், அதே ராகம். அப்பா "ஓடியா", அம்மா "வாடி தங்கம்", பையன் "கம்" என்றால் மூன்றுமே நிற்காது.

முதல் வாரம். குட்டி உங்கள் காலடியில் நிற்கும்போதே "ஓடியா" என்று ஒரு தடவை சொல்லி, ஒரு நொடிக்குள் வாயில் தின்பண்டம் ஒரு துண்டு. அது எங்கேயும் நடந்துவர வேண்டியதில்லை. சொல்லுக்கு அர்த்தம் ஏற்றுகிறோம், அவ்வளவுதான். ஒரு தடவைக்கு 10 முறை, நாளைக்கு மூன்று தடவை. சொல் முதலில், கை பிறகு. கை பைக்குள் போன பிறகு சொன்னால் குட்டி சொல்லைக் கேட்காது, பையைத்தான் பார்க்கும்.

இரண்டாம், மூன்றாம் வாரம். வீட்டுக்குள் 2 மீட்டர், பிறகு அடுத்த அறை, பிறகு கண்ணில் படாத இடம். இரண்டு பேர் ஹாலின் இரண்டு மூலையில் உட்கார்ந்து மாற்றி மாற்றிக் கூப்பிடலாம். 5 நிமிஷத்துக்கு மேல் வேண்டாம்.

நான்காம் வாரம் முதல். காம்பவுண்டுக்குள், நீளக் கயிறு கட்டி.

எப்போது அடுத்த படிக்குப் போவது? பத்துக்கு எட்டு தடவை முதல் அழைப்பிலேயே வந்தால் போகலாம். ஆறுக்குக் கீழே இறங்கினால் முந்தின படி.

கரட்டான் | பதிவு 3

ஏனுங்க, நாட்டு நாய்க்கு இவ்வளவு பாடமா? நாலு நாள் கட்டிப் போடுங்க. ஓடினா புடிச்சாந்து ரெண்டு போடுங்க. தானா வரும். ஊர்ல எல்லாம் அப்படித்தான் வளத்தாங்க.

நாலுகால் | பதிவு 4

கரட்டான் அண்ணா, அந்த அடி நாய்க்கு எந்தக் கணக்கில் போய்ச் சேரும் என்று பாருங்கள். நாய் ஓடியது பத்து நிமிஷத்துக்கு முன்னால். அடி விழுவது உங்கள் பக்கத்தில் வந்து நின்றபோது. அதன் மண்டையில் ஒட்டுவது கடைசியாகச் செய்தது மட்டும்: "ஆள் கிட்டப் போனேன், வலித்தது." அடுத்த தடவை கையெட்டும் தூரத்துக்கு இரண்டடி வெளியே நின்று வட்டம் போடும். கூப்பிடக் கூப்பிட நின்று பார்த்துவிட்டு நகரும் நாய்களில் பாதி இப்படி உண்டானவை.

ஊரில் தோட்டத்து நாய் திரும்பி வருவது அடிக்குப் பயந்து இல்லை. சோறு வைக்கும் இடம் அதுதான், அதனால் வருகிறது. ரோட்டோரத்து வீட்டில் சோற்று நேரம் வரை காத்திருக்க முடியாது.

கட்டிப் போடுவதும் அப்படித்தான். நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் ஓட்ட நாய், அவிழ்த்த நிமிஷம் முழு நாளுக்கும் சேர்த்து ஓடும்.

கரட்டான் | பதிவு 5

அது சரி, அந்த வட்டம் போடுற வேலை எல்லா நாயும் செய்யுது. ஆனா முயலைப் பாத்த கன்னிய ஓடியானு கூப்ட்டு நிறுத்துவீங்களா? அதைச் சொல்லுங்க.

காப்பித்தோட்டம் | பதிவு 6

கரட்டான் கேட்டது நியாயமான கேள்வி. நேராகச் சொன்னால், ஓட்டம் பிடித்த பிறகு பெரும்பாலும் முடியாது. கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம் மூன்றும் கண்ணால் வேட்டையாடும் வகை. இரை அசைந்தால் காது அடைத்துக்கொள்ளும். பழக்க வேண்டியது அதற்கு முந்தின நொடியை. காது முன்னால் மடங்கும், வால் உறையும், ஒரு முன்னங்கால் தூக்கி நிற்கும், வாய் மூடிக்கொள்ளும். அந்த நிலையில் ஒரு நொடி, சில சமயம் இரண்டு. அதற்குள் சொல் போய்ச் சேர வேண்டும். அது நழுவிவிட்டால் கத்தாதீர்கள். ஓடுகிற நாயின் முதுகைப் பார்த்துப் பத்து தடவை "ஓடியா" என்றால், "இந்தச் சொல் கேட்டால் ஓடிக்கொண்டே இருக்கலாம்" என்று நீங்களே சொல்லிக்கொடுக்கிறீர்கள்.

அதனால் வேலியில்லாத இடத்தில் இந்த இனங்களைக் கயிறில்லாமல் விடக்கூடாது. ஏற்காட்டில் இதற்கு இன்னொரு காரணம் காட்டெருமை. காப்பித் தோட்டத்துக்குள்ளும் ரோட்டோரத்திலும் நிற்கும். நாய் போய்க் குரைக்கும், எருமை துரத்தும், நாய் நேராக உங்கள் காலடிக்கு ஓடிவரும், எருமையும் பின்னாலேயே வரும். முயலைத் துரத்தவிட்டுப் பிடிப்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "நாய்தான் பிடித்தது" என்று சொல்லித் தப்ப முடியாது.

பட்டைக்காரர் | பதிவு 7

கயிறு பற்றிச் சொல்லிவிடுகிறேன், தப்பு நடப்பது அதிகம் இங்கேதான்.

நீளக் கயிறு 10 மீட்டர். கடையில் கிடைக்கும் தட்டை நைலான் பட்டை 20 மில்லிமீட்டர் அகலம் நல்லது. இல்லையென்றால் 8 மில்லிமீட்டர் முறுக்குக் கயிறு, நுனியில் நல்ல கொக்கி. தேங்காய் நார்க்கயிறு வேண்டாம், நனைந்தால் கனக்கும், கை உரியும். உங்கள் முனையில் கைப்பிடி வளையம் வைக்காதீர்கள், முள்ளில், வேரில், கேட் கம்பியில் மாட்டும்.

நீளக் கயிற்றைக் கழுத்தில் கட்டவே கூடாது, நெஞ்சுப்பட்டையில் (ஹார்னஸ்) முதுகுப் பக்க வளையத்தில்தான். 10 மீட்டர் கன்னிக்குக் கண்ணிமைக்கும் நேரம். முழு வேகத்தில் போய்க் கயிறு தீரும் இடத்தில் கழுத்து வெட்டி இழுத்தால் மூச்சுக்குழலும் கழுத்தெலும்பும் அடிபடும். கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள், விரல் போகும். தரையில் தவழ விட்டு, தேவைப்பட்டால் காலால் மிதியுங்கள். அரைக்கால் டவுசரோடு நீளக் கயிறு வேண்டாம், கெண்டைக்காலில் உரசினால் தீக்காயம் மாதிரி கோடு விழும்.

தினசரி நடைக்கு வேறு, கழுத்துப்பட்டை. இந்த இனங்களுக்குக் கழுத்து அகலம், தலை குறுகல். சாதாரணப் பட்டையிலிருந்து பின்னால் இரண்டு அடி வைத்தால் தலை உருவிக்கொண்டு வந்துவிடும். இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை, 4 சென்டிமீட்டர் அகலத்தில் வாங்குங்கள். முழுதாக இறுகிய நிலையில் தலையைவிடச் சின்னதாகவும், தளர்ந்தால் இரண்டு விரல் நுழைவதாகவும் இருக்கணும். குட்டிக்கு வாரம் ஒரு தடவை அளவு பாருங்கள்.

சுவர் நாலடி போதாது. வளர்ந்த கன்னிக்கு நாலடி ஒரு தாண்டல். மொத்த உயரம் ஆறடிக்கு மேல் வருகிற மாதிரி கம்பி வலை ஏற்றுங்கள். கேட்டுக்கு அடியில் இருக்கும் இடைவெளியையும் பாருங்கள். தலை நுழைந்தால் மற்றதும் நுழையும்.

அடிவாரவாசி | பதிவு 8

நன்றி. இரண்டு சந்தேகம். வாயில் கொடுப்பது என்ன, எவ்வளவு? வந்த பிறகு என்ன செய்யணும்? பிடித்தால் நழுவுகிறது, விளையாட்டு என்று நினைக்கிறது.

நாலுகால் | பதிவு 9

கோழி ஈரல் 200 கிராம், உப்பு, மஞ்சள், பூண்டு எதுவும் இல்லாமல் 10 நிமிஷம் வேகவைத்து, ஆறவிட்டு, பட்டாணி அளவில் நறுக்குங்கள். எண்ணெய் விடாத தவாவில் சிறுதீயில் ஈரம் போகும்வரை புரட்டினால் கையில் ஒட்டாது. குளிர்பெட்டியில் மூன்று நாள். மீதியைப் பொட்டலம் கட்டி உறையவையுங்கள். ஈரலில் வைட்டமின் ஏ அதிகம், அதனால் 5 கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்கு 15 கிராமுக்கு மேல் வேண்டாம். மீதி தடவைகளுக்கு வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி, அல்லது அதன் சாப்பாட்டிலிருந்தே எடுத்த உருண்டை. வீட்டுக்குள் பழகும்போது பொட்டுக்கடலை போதும். ஈரலைக் காம்பவுண்டுக்கும் வெளிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கருவாடு வேண்டாம், ஊறவைத்தாலும் உப்பு போகாது. தின்பண்டம் எல்லாம் சேர்த்து அன்றைய உணவில் பத்தில் ஒரு பங்குக்குள்.

வந்த பிறகு நடக்க வேண்டியதுதான் பயிற்சியின் பாதி. பெரும்பாலானவர்கள் கையை நீட்டித் துண்டைக் காட்டுவார்கள். குட்டி கழுத்தை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டு விலகிவிடும். அப்படிச் செய்யாதீர்கள். துண்டு இருக்கும் கையை உங்கள் முழங்காலோடு ஒட்டி வையுங்கள், காலில் படுகிற மாதிரி. வாங்க வேண்டுமென்றால் மூக்கு முழங்காலைத் தொட்டாகணும். அது மெல்லும்போது இன்னொரு கையை மேலிருந்து இறக்காமல், தாடைக்கு அடியில் கொண்டுபோய்ப் பட்டைக்குள் ஒரு விரல் நுழையுங்கள். ஒரு நொடி பிடி. இரண்டாவது துண்டு. விடு. "போ" என்று சொல்லித் திரும்ப விளையாட அனுப்பு.

அந்தக் கடைசி வார்த்தைதான் ரகசியம். கூப்பிடுவதில் பத்துக்கு ஒன்பது தடவை திரும்ப விட்டுவிடுங்கள். குளியலுக்கு, மாத்திரைக்கு, நகம் வெட்ட, கூண்டில் அடைக்க என்று மட்டுமே கூப்பிட்டால் ஒரே வாரத்தில் சொல் கெட்டுப்போகும். அந்த வேலைகளுக்கு நீங்களே நடந்துபோய்த் தூக்குங்கள்.

கெட்டுப்போன சொல்லைச் சரிசெய்ய மெனக்கெட வேண்டாம். புதுச் சொல் எடுத்து முதல் வாரத்திலிருந்து ஆரம்பிப்பது சீக்கிரம் முடியும்.

விசில் | பதிவு 10

நாலுகால் சொன்னதோடு ஒன்று. அவசரத்துக்கென்று தனியாக ஒரு விசில் வையுங்கள். இரண்டு குட்டை ஊதல். வாரத்துக்கு இரண்டே தடவை, ஊதிய உடனே அன்றைய ஈரல் பங்கு முழுவதையும் துண்டு துண்டாக அரை நிமிஷம் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஒரு துண்டு இல்லை, விருந்து. மற்ற நாளில் ஊதவே கூடாது. குரலில் இருக்கும் பதற்றம் விசிலில் தெரியாது என்பது கூடுதல் லாபம், பதறிய குரல் கேட்டால் நாய் தயங்கும். (பால் கேன்காரர், கூர்க்கா விசில் ஒலிக்கும் தெருவென்றால் ஊதல் முறையை மாற்றுங்கள்: ஒரு நீளம், இரண்டு குட்டை.)

மாடிவீடு | பதிவு 11

ராஜபாளையம் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால்: வெள்ளை நிறம், ரோஸ் மூக்கு உள்ள இந்த இனத்தில் பிறவிச் செவிடு குட்டிகள் உண்டு. கூப்பிட்டால் வராததற்குத் திமிர் காரணம் என்று முடிவு கட்டுவதற்கு முன், குட்டி தூங்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காற்று படக்கூடாது, தரை அதிரக்கூடாது. எந்த அசைவும் இல்லையென்றால் இரண்டு மூன்று நாள் வேறு வேறு சத்தத்தில் பாருங்கள். இரண்டு காதும் கேட்காத குட்டியைக் கை சைகையில் அருமையாகப் பழக்கலாம். கையை விரித்து மார்பில் தட்டுவது "ஓடியா"வுக்குச் சமம். கயிறு மட்டும் ஆயுசுக்கும்.

உண்ணிவேட்டை | பதிவு 12

உண்ணிக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. சேலத்தில் இது வருஷம் முழுக்க இருக்கும், வெயில் காலத்தில் கூடுதல்.

நாய் மேல் பார்ப்பது மொத்தத்தில் ஒரு சின்னப் பங்குதான். பழுப்பு நாய் உண்ணி இரத்தம் குடித்து ஊதிய பிறகு உதிர்ந்து, ஏறும் வழி பார்த்துச் சுவர் வெடிப்பு, ஹாலோ பிளாக் இணைப்பு, கதவு நிலைச் சந்து, கூண்டின் மேல் மூலை என்று ஒளிந்துகொள்ளும். ஒரு பெட்டை உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை இடும். அதனால் நாயை மட்டும் மருந்தில் குளிப்பாட்டினால் இரண்டு வாரத்தில் பழையபடி.

செய்ய வேண்டியது இரண்டு பக்கமும் ஒரே நாளில்.

நாய்க்கு: மெல்லும் மாத்திரை. ஃபுளூராலனர் என்றால் 12 வாரத்துக்கு ஒன்று, அஃபாக்சோலனர் என்றால் மாசம் ஒன்று. இரண்டும் 8 வாரத்துக்கு மேல், 2 கிலோவுக்கு மேல் உள்ள குட்டிக்குக் கொடுக்கலாம். எடைக்கேற்ற மாத்திரை அட்டை வாங்குங்கள், பெரிய மாத்திரையைப் பாதி உடைப்பது வேண்டாம், மருந்து சமமாகப் பிரியாது. குட்டிக்கு எடை ஏறிக்கொண்டே போகும் என்பதால் முதல் ஆறு மாசம் மாதாந்திர மாத்திரையே வசதி. வலிப்பு உள்ள நாய் என்றால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். மாத்திரை போட்டும் நாய் மேல் உண்ணி தெரிந்தால் மருந்து பலிக்கவில்லை என்று அர்த்தமில்லை. கடித்தால்தான் அது சாகும், ஓரிரு நாள் ஆகும்.

வீட்டுக்கு: வெடிப்பைச் சிமெண்டுப் பாலால் அடையுங்கள். கூண்டை வெயிலில் காயவைத்து மூலைகளில் டெல்டாமெத்ரின் பூச்சிக்கொல்லிக் கரைசல் அடிக்க வேண்டும், அளவு டப்பா மேல் உள்ளபடி. நாயை வெளியே வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு உள்ளே விடுங்கள். முட்டை பொரிந்து வருவதால் 3 வாரம் விட்டு மொத்தம் மூன்று தடவை. பூனை, மீன் தொட்டி இருந்தால் டெல்டாமெத்ரின் கிட்டவே வரக்கூடாது.

தினம் பார்க்கும் இடம்: காது மடல் உட்புறம், கால்விரல் இடுக்கு, பட்டைக்கு அடி, வாலடி, அக்குள். தோலோடு ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுக்கணும், திருகக்கூடாது. எடுத்ததை நகத்தில் நசுக்காமல் ஸ்பிரிட் உள்ள புட்டியில் போடுங்கள்.

கரட்டான் | பதிவு 13

மண்ணெண்ணெய் ஒரு தடவை தடவுனா போதுமே. இல்லாட்டி வேப்பெண்ணெய்.

உண்ணிவேட்டை | பதிவு 14

மண்ணெண்ணெய் தோலைச் சுட்டுப் புண்ணாக்கும். நாய் நக்கும், வாந்தி எடுக்கும், அதில் ஒரு சொட்டு நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. கன்னிக்குத் தோல் காகிதம் மாதிரி, முடியும் குட்டை. வேப்பெண்ணெய் அப்படியே தடவினாலும் சிவக்கும், உண்ணி கொஞ்சம் ஒதுங்குமே தவிரச் சாகாது. அமிட்ராஸ் கரைசலும் (உண்ணிக்குக் குளிப்பாட்டும் மருந்து) 4 மாசத்துக்குக் குறைந்த குட்டிக்கு வேண்டாம்.

இதில் ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், உண்ணி இரத்தம் குடிப்பது சின்ன விஷயம், அது விட்டுப்போகும் காய்ச்சல்தான் நாயைக் கொல்லும். நாயின் உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பு. 103-க்கு மேல், சாப்பாடு வேண்டாம் என்று ஒதுக்குவது, ஈறு வெளுப்பது, அடிவயிற்றில் ஊசி குத்திய மாதிரி சிவப்புப் புள்ளி, மூக்கில் இரத்தம் — இதில் இரண்டு சேர்ந்தால் அன்றைக்கே இரத்தப் பரிசோதனை, தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையோடு. சிறுநீர் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தால் அது பபீசியாவாக (உண்ணி பரப்பும் இரத்த ஒட்டுண்ணி நோய்) இருக்கலாம், மருந்தே வேறு. எர்லிக்கியா (உண்ணி பரப்பும் பாக்டீரியாக் காய்ச்சல்) என்றால் டாக்சிசைக்ளின் வழக்கமாக 28 நாள், சாப்பாட்டோடு. ஐந்தாம் நாளே நாய் துள்ளும், மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், இரண்டு மாசம் கழித்து மறுபடி விழும். பெரிய பரிசோதனை தேவைப்பட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றேகால் மணி நேரம்தான்.

சோற்றுக்கட்டி | பதிவு 15

பால் சோறு: வேண்டாம். பால் மறந்த குட்டிக்குப் பசும்பால் கழிச்சல் தரும். தயிர் ஒரு கரண்டி பரவாயில்லை. தயிர் சோறே சாப்பாடு என்றால் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் போதாது, முன்னங்கால் வளையும்.

வளரும் வரை நல்ல குட்டித் தீவனம், அட்டவணைப்படி எடைபோட்டு. 12 வாரம் வரை நாலு வேளை, ஆறு மாசம் வரை மூன்று, பிறகு இரண்டு. வீட்டுச் சமையலுக்கு மாறுவதென்றால் வளர்ந்த பிறகு. 18 கிலோ நாய்க்கு ஒரு நாள் அளவு தோராயமாக: எலும்பில்லாத கோழி 300 கிராம் (வேகவைக்கும் முன் எடை), வெந்த சோறு 350 கிராம், முட்டை ஒன்று, பரங்கி அல்லது கேரட் 100 கிராம், ஈரல் 20 கிராம், எண்ணெய் ஒரு தேக்கரண்டி, முட்டை ஓட்டுப் பொடி அரைத் தேக்கரண்டி. ஏறக்குறைய 1000 கலோரி. பலரும் விட்டுவிடுவது அந்த ஓட்டுப் பொடிதான். கறியில் பாஸ்பரஸ் உண்டு, சுண்ணாம்பு மிகக் குறைவு. அரை வருஷம் போனால் உடம்பு எலும்பிலிருந்து கடன் வாங்கும். துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி இதிலும் குறையும், மருத்துவர் சொல்லும் தாதுக் கலவை சேர்க்கணும். குட்டிக்கு இந்த அளவைப் பாதியாக்கிக் கொடுக்காதீர்கள், அதன் தேவை வேறு.

கன்னிக்குக் கடைசி இரண்டு மூன்று விலா தெரிவது இயல்பு. பார்ப்பவர்கள் "பட்டினி போடுறீங்களா" என்று கேட்பார்கள், கேட்கட்டும்.

வெங்காயம், பூண்டு, திராட்சை, முந்திரிப் பாயசத்து உலர்திராட்சை, சாக்லேட் எதுவும் கூடாது. தட்டுவடை செட் ஒரு துண்டு விழுந்தால்கூட உள்ளே இருப்பது வெங்காயம்தான். வெந்த எலும்பு சிலாம்பாக உடையும்.

சேலத்துக்கென்றே ஒரு எச்சரிக்கை: மாம்பழ சீசன். சப்பிப் போட்ட கொட்டை வழுக்கலாகத் தொண்டையில் இறங்கிவிடும், குடலில் அடைக்கும். கொட்டை வயிற்றில் பல நாள் சும்மா கிடந்துவிட்டும் நகரலாம். திரும்பத் திரும்ப வாந்தி, மலம் இல்லை, முதுகு கூனி நிற்பது தெரிந்தால் ஸ்கேன். வீட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்பே விஷமாகும். குப்பைக் கூடைக்கு மூடி போடுங்கள்.

அடிவாரவாசி | பதிவு 16

தடுப்பூசி முடியும் வரை வெளியே விடக்கூடாது என்கிறார்கள். பழகும் காலம் 14 வாரத்தில் மங்கும் என்றும் சொல்கிறீர்கள். இரண்டும் எப்படிச் சேரும்?

மாடிவீடு | பதிவு 17

வெளித் தரையில் விடாமல், தூக்கிக்கொண்டு போங்கள். பார்வோ (குட்டிகளைக் கொல்லும் இரத்தக் கழிச்சல் நோய்) கிருமி மண்ணில் மாசக்கணக்கில், ஒரு வருஷம்கூடக் கிடக்கும். ஆனால் உங்கள் தோளில் இருக்கும் குட்டிக்கு அது எட்டாது. நாளைக்கு 15 நிமிஷம். அஸ்தம்பட்டி ரவுண்டானா ஓரம், பஸ் ஹாரன், ஹெல்மெட் போட்டவர், குடை, தாடிக்காரர், ஸ்கூல் விடும் நேரம், ஆடு மேய்ப்பவர். ஒவ்வொன்றும் கண்ணில் பட்டவுடன் ஒரு துண்டு. நடுங்கினால், தலையைத் திருப்பினால், துண்டை வாங்க மறுத்தால் தூரம் போதவில்லை, பின்னால் போங்கள். தடுப்பூசி போட்ட, சாந்தமான பெரிய நாய் உள்ள வீட்டுக்கு அழைத்துப் போகலாம்.

கூட்டுத் தடுப்பூசியில் கடைசி ஊசி 16 வாரத்துக்குப் பிறகு விழுவது முக்கியம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி அதுவரை ஊசியை முறியடிக்கலாம். மூன்று ஊசி 12 வாரத்துக்குள் முடித்துவிட்டால் எண்ணிக்கை சரி, பலன் சரியில்லை. கடைசி ஊசிக்கு இரண்டு வாரம் கழித்து வெளித் தரையில் விடுங்கள். வெறிநாய்த் தடுப்பூசி மூன்று மாசத்தில்.

சத்தம்: ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை, சேலம் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை (வேடமிட்டவர்கள் வரும் அலங்கார வண்டி ஊர்வலம்), பிறகு தீபாவளி. இப்போதே ஆரம்பிக்கலாம். போனில் வெடிச் சத்தம், பம்பைச் சத்தம் எடுத்து, உங்களுக்கே காது கொடுத்தால்தான் கேட்கும் அளவில் சாப்பாட்டு நேரத்தில் ஓடவிடுங்கள், 5 நிமிஷம். மெல்லுவது நிற்காமல் மூன்று நாள் போனால் ஒரு படி கூட்டுங்கள். நின்றால் இரண்டு படி குறையுங்கள்.

காப்பித்தோட்டம் | பதிவு 18

மலைக்குக் கூட்டிவருவதென்றால் சில வார்த்தை. 20 கொண்டை ஊசி வளைவு, குட்டிக்கு வாந்தி நிச்சயம். கிளம்ப மூன்று மணி நேரம் முன்னால் சாப்பாட்டை நிறுத்துங்கள், பெரிய நாய்க்கு ஆறு. ஜன்னல் இரண்டு விரல் திறந்து, நெஞ்சுப்பட்டையைப் பின்சீட்டில் பூட்டி. மேலே சுமார் 1,500 மீட்டர், டிசம்பர் ராத்திரியில் குட்டை முடி நாய் நடுங்கும், மேல்துணி வேண்டும். மழைக்காலத்தில் அட்டைப்பூச்சி ஒட்டும், விரல் இடுக்கில், காதில். பிய்க்காமல் உப்பு நீர் தொட்டால் விடும். மூக்குக்குள் போய்விட்டால் ஒரு பக்கம் மட்டும் இரத்தம் கசியும், தும்மிக்கொண்டே இருக்கும். உப்பு ஊற்றாமல் மருத்துவரிடம் போங்கள். உதிர்ந்த காப்பிப் பழத்தை இனிப்புக்காகத் தின்னும், கொட்டையில் காஃபின். வாயில் இருப்பதைப் போட "விடு" என்று பழக்கியிருந்தால் இங்கே கை கொடுக்கும்.

கீழே நேர் எதிர்ப் பிரச்சினை. ஏப்ரல், மே மாசத்தில் காலை ஆறரைக்குள், மாலை ஏழுக்கு மேல்தான் நடை. புறங்கையைத் தாரில் ஏழு நொடி வைக்க முடியவில்லையென்றால் பாதம் வெந்துவிடும்.

நாலுகால் | பதிவு 19

அடிவாரவாசி, இன்னொன்றை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். ஆறிலிருந்து பத்து மாசத்துக்குள் ஒரு நாள் "ஓடியா" என்பீர்கள், திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வழியில் போகும். எல்லாம் போச்சு என்று நினைக்காதீர்கள், வளரும் பருவம். அன்றைக்கே நீளக் கயிற்றைத் திரும்ப மாட்டுங்கள், ஈரலை வெளியே எடுங்கள், இரண்டு மாசம் அப்படியே. அந்தச் சமயத்தில் ஒரே ஒரு தடவை முயலோ பூனையோ துரத்தி ருசி கண்டால், அதை மறக்கடிக்க வருஷம் ஆகும்.

கருத்தடைக்குக் கொண்டுபோகும்போது ஓட்ட நாய் இனம் என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். உடம்பில் கொழுப்பு குறைவு, சில மயக்க மருந்துகளிலிருந்து தெளிய நேரம் ஆகும்.

கரட்டான் | பதிவு 20

கயிறை மிதிக்கச் சொன்னாரே பட்டைக்காரர், குட்டி கவுந்துடாதா?

பட்டைக்காரர் | பதிவு 21

கயிறு முழுசா தீர்வதற்கு முன்னாலேயே மிதிக்கணும்ங்க அண்ணா, ஓடும்போது இல்லை, நின்று மோந்து பார்க்கும்போது. மூன்று மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டுவிடுங்க, செருப்புக்கு அடியில் முடிச்சு நிற்கும், வழுக்காது.